சேகர் வார்டின் காய்ந்த படுக்கைகள்

ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிக்கு எதிர்ப்புறம் இருக்கிற எங்கள் முதியோர் இல்லத்தில் இப்போது கூடத்துக்குக் கூடம் கேமரா வைத்திருக்கிறார்கள். அண்மையில் அங்கே போயிருந்தபோது, இப்போதைய பொறுப்பாளர் அலுவலகத்தில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினார். நான் காலமெல்லாம் நடந்து தேய்த்த இடங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. "சார், உங்க காலத்துல கேமரா இல்லாம எப்படி சமாளிச்சீங்க? புதுசா சேர்ந்த பிள்ளைங்க படிக்கிற மாதிரி ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்களேன்" என்றார்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எங்கள் காலத்திலும் ஒரு கேமரா இருந்தது. அதன் பெயர் பொறாமை. இல்லத்துக்கே அது ஒன்றுதான். அதையும் என் உடம்புக்குள் மாட்டியிருந்தார்கள். கரண்ட் போனாலும் நிற்காது.

எனக்குச் சொந்த ஊர் முத்தாபுதுப்பேட்டை. பிளஸ் டூவில் தேர்வு எழுதினேன் என்று சொல்லலாம், தேறினேன் என்று சொல்ல முடியாது. அம்பத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சிங் உதவியாளர் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றவும், என் முதுகு பிடிக்காமல் இன்னொருவரைத் தூக்கவும், ஊசியைக் கண்டு பயப்படுகிறவரைச் சிரிக்கவைக்கவும் அங்கே கற்றேன். கடைசியாகச் சொன்னது பாடத்திட்டத்தில் இல்லை. முடி கறுப்பாக இருந்தபோது இந்த இல்லத்தில் சேர்ந்தேன், முடியே இல்லாதபோது ஓய்வு பெற்றேன். நடுவில் பார்த்தவர்கள் எல்லோர் மீதும் பொறாமைப்பட்டிருக்கிறேன். உயரமாக இருந்ததற்காக பிசியோதெரபிஸ்ட் மீது. ஆங்கிலம் பேசியதற்காக டாக்டர் மீது. சமையல்கட்டுப் பூனை மீதுகூட. நான் ஊட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிற பெரியவர்கள், தங்கள் இட்லியில் பாதியை அதற்குப் போடுவார்கள்.

ஆனால் சேகர் மீது வந்ததுதான் அசல் பொறாமை. மற்றதெல்லாம் ஒத்திகை.

தரைத்தளத்தில் இரண்டு ஆண்கள் வார்டு. தானாக எழுந்து நடக்க முடியாதவர்கள் அங்கே இருப்பார்கள். இடப்பக்கம் என்னுடையது, வலப்பக்கம் சேகருடையது. மாலையில் டியூட்டிக்கு ஏறினால், மறுநாள் காலை மேட்ரன் சுற்று முடிந்த பிறகுதான் இறங்க முடியும். ஒரு வார்டுக்கு ஒரே ஆள்.

மேட்ரன் எஸ்தர் அம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். யாரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். பூனையைக்கூட ஒருமுறை "நீங்க கொஞ்சம் நகருங்க" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். குரலை உயர்த்த மாட்டார், காகிதம் பேனா கொண்டுவர மாட்டார். கட்டில் கட்டிலாக வந்து குனிந்து, வலது கையின் புறங்கையை விரிப்பில் வைப்பார். இடுப்புக்குக் கீழே ஒரு தடவை, முழங்காலுக்குக் கீழே ஒரு தடவை. உள்ளங்கை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு மரத்துப்போயிருக்கும், புறங்கைக்குத்தான் லேசான ஈரமும் தெரியும் என்பார். ஈரம் இருந்தால் "மாத்திடுங்க." காய்ந்திருந்தால் "நல்லது." அவ்வளவுதான் அவருடைய மொத்த உரையும்.

என் வார்டில் அவர் நடந்து முடிப்பதற்குள் "மாத்திடுங்க, மாத்திடுங்க" என்று அவருக்கு வாயே வலித்துவிடும். டயப்பர் போட்டாலும், இரவெல்லாம் நான் ஓடி ஓடி மாற்றினாலும், விடிகிற நேரத்தில் யாராவது ஒருவர் என் மானத்தை வாங்குவார். சேகர் வார்டில் கதையே வேறு. நல்லது. நல்லது. நல்லது. கோயில் மணி மாதிரி கேட்கும். ஒரு காலை, அந்தச் சிக்கனக்காரர் இரண்டு வார்த்தைகள் கூடுதலாகச் செலவு செய்தார்: "ரொம்ப நல்லது, சேகர்." அன்றைக்கு எனக்கு டிபன் இறங்கவில்லை.

சமையல்கட்டில் ஜமீலாக்கா என் முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார். பூந்தமல்லியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வாய்க்கு வரி கட்டாதவர்.

"இன்னா மணி, மூஞ்சி இப்டி கீது? இன்னிக்கும் அந்தாண்ட நல்லதா?"

"ரொம்ப நல்லதாம்க்கா."

"உன்னுதுல?"

"வெள்ளம்."

"போட் வாங்கி வுட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு இட்லித் தட்டைத் திருப்பினார்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடியது. கோதண்டத்தை இழந்ததுதான் தாங்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர் கோதண்டம். பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது, பேச்சையும் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு சொல்லை மட்டும் மறந்துபோய் விட்டுவைத்தது: "சரி." கோபம் வந்தாலும் சரி என்பார், வலித்தாலும் சரி, காபி வேண்டுமென்றாலும் சரி. ராகத்தை வைத்துத்தான் அர்த்தம் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அவர் கிடைத்தற்கரிய ரசிகர். "கோதண்டம், இந்த ஆவடியிலேயே அழகன் யாரு? மணிதானே?" என்பேன். "சரி" என்பார், சிரிப்பில் தோள் குலுங்கும். என் அழகை ஒப்புக்கொண்ட ஒரே மனிதர்.

அவருடைய மகள் வித்யா பாரிவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். ஐ.டி. கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஒரு ஞாயிறு இரண்டு வார்டிலும் போய் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மணி அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பக்கம் ஸ்மெல்லே இல்ல. அப்பாவை அங்க மாத்திடலாம்னு பார்க்கிறேன்."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதில் நான் என்றைக்குமே தேர்ந்தவன் இல்லை. சிரித்தபடியே கோதண்டத்தின் கட்டிலைச் சேகர் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் விட்டேன். கட்டில் சக்கரம் கிறீச்சிட்டது. கோதண்டம் என்னைப் பார்த்து "சரி" என்றார். எந்த ராகம் என்று அன்று கவனிக்கவில்லை.

அதன் பிறகு சேகரின் ரகசியத்தைக் கண்டுபிடிக்காமல் தூங்குவதில்லை என்று முடிவு செய்தேன். டியூட்டியே ராத்திரி டியூட்டி என்பதால் அது பெரிய சபதம் இல்லை. அவன் வாங்கும் பினாயிலையே நானும் வாங்கினேன். சாம்பிராணி போட்டேன், வார்டு முழுக்க இருமியது, மேட்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கடைசியில் வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டேன்.

"மாமே, இன்னா வித்தை பண்றே? எனக்கும் சொல்லிக்குடேன்."

சேகர் தலைமுடியைக் கோதிக்கொண்டான். அதற்கும் எனக்குப் பொறாமை. "கைராசி அண்ணாத்தே. ஒன்னியும் பண்றதில்ல."

பிறகு யோசித்துப் பார்த்தால், அவன் சொன்னதில் பொய்யே இல்லை.

ஏதாவது சாக்கு வைத்து கோதண்டத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். வாரத்துக்கு வாரம் அவர் மங்கிக்கொண்டு வந்தார். காலை நேரத்தில் தூங்கித் தூங்கி விழுந்தார். உதடு வெடித்து, ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கையில் தோலைக் கிள்ளிவிட்டால் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. சிறுநீர்த் தொற்று என்று காய்ச்சல் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். சரியாகி மறுபடியும் வந்தது. மகள் "வயசாகுதுல்ல" என்று கண் கலங்கினார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்னைப் பிரிந்த ஏக்கம் என்று நினைத்தேன். என் பயிற்சி அவ்வளவு நல்ல பயிற்சி.

"அக்கா, கோதண்டம் என்னை நெனச்சு நெனச்சு எளைச்சுட்டாரு" என்று ஜமீலாக்காவிடம் சொன்னேன்.

"உன் சம்சாரமே உன்னை நெனச்சு எளைக்கல. போய் வேலையப் பாரு."

அன்று மாலை டீ நேரம் முடிந்ததும், என் வார்டை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்ளும்படி ஜமீலாக்காவை நிறுத்திவிட்டு, சேகர் வார்டின் துணி அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். அலமாரி ஒல்லி, நான் குண்டு. தொப்பை வெளியே தெரிந்தது. ஆனாலும் யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் வார்டில் எல்லோரும் சேகரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஒரு வாளியோடு கட்டில் கட்டிலாகப் போனான். தலைமாட்டில் இருந்த தண்ணீர் பாட்டில், தம்ளர் எல்லாவற்றையும் எடுத்து வாளியில் போட்டான். கழுவத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன். வாளியைத் தூக்கி, யாருக்கும் எட்டாத பீரோ மேலே வைத்தான். கோதண்டம் இடது கையைத் தூக்கினார். கட்டைவிரலை வாய்க்கு நேராகக் காட்டினார்.

சேகர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். கன்னத்தைத் தட்டிக்கொடுத்தான். "காலைல தரேன் தலைவா. இப்ப குட்ச்சா நைட்ல ஈரம் ஆயிடும். உனக்குத்தானே குளுரும்?" அவ்வளவு இதமான குரல். எனக்கு அந்த மாதிரிப் பேச வராது.

"சரி" என்றார் கோதண்டம்.

இந்த முறை ராகம் கேட்டது.

அலமாரிக்குப் பின்னால் எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முதலில் வந்தது மகிழ்ச்சி. மாட்டிக்கொண்டான், இனி அந்த 'நல்லது' எனக்குத்தான் என்ற மகிழ்ச்சி. கோதண்டத்தின் கை இன்னும் கீழே இறங்காமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் அது போய் வேறொன்று வந்தது. சேகர் வெளியே போகும்வரை காத்திருந்து, ஓடிப்போய் வாளியை இறக்கி, எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நேராக மேட்ரன் அறைக்குப் போனேன்.

எஸ்தர் அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மணி, உங்களுக்கு சேகரைப் பிடிக்காதுன்னு இந்த வீட்டுப் பூனைக்கும் தெரியும்."

"தெரியும்மா. பொறாமைதாம்மா. ஆனா பொறாமைக்காரன் பொய் சொல்றதா இருந்தா இதைவிடப் பெரிசா சொல்லுவான். அடிச்சான், கிள்ளினான்னு சொல்லுவான். தம்ளரை எடுத்து பீரோ மேல வச்சான்னு எவனாவது புகார் சொல்லுவானாம்மா?"

அவர் எழுந்து என்னோடு வந்தார். கோதண்டத்திடம் குனிந்து, "சாயங்காலம் சேகர் தண்ணி கொடுக்கிறாரா?" என்று கேட்டார்.

"சரி."

"கொடுக்கிறதில்லையா?"

"சரி."

வாசலில் சேகர் வந்து நின்றிருந்தான். கோதண்டத்தின் கண் ஒரு முறை அவன் பக்கம் போய்த் திரும்பியது. மேட்ரன் நிமிர்ந்தார். இருவரையும் போகச் சொன்னார். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நான் உண்மை சொல்லியிருந்தேன், அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவரிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

மறுநாள் மாலை எஸ்தர் அம்மா செய்ததைத்தான் புதுப் பிள்ளைகள் கவனித்துப் படிக்க வேண்டும். என் தொப்பையைப் பற்றி எழுதியதை மறந்துவிடலாம்.

முதலில் சேகரை மருந்து வாங்க அம்பத்தூருக்கு அனுப்பினார். அவன் கேட்டைத் தாண்டிப் போவது வார்டு ஜன்னல் வழியாகத் தெரியும். எல்லோரும் பார்க்கட்டும் என்று காத்திருந்தார். "பயம் கட்டில் பக்கத்துல நிக்கிறப்போ கேள்வி கேக்கக் கூடாது, மணி. நேத்து நான் கேட்டது தப்பு" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தால் படுத்திருப்பவரைவிட உயரமாகிவிடுவோம் என்று, குட்டை ஸ்டூலை எடுத்துப்போட்டு கோதண்டத்தின் இடது கைப் பக்கம் உட்கார்ந்தார். அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. குடியுங்கள் என்றும் சொல்லவில்லை.

கோதண்டம் தம்ளரைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். மறுபடி தம்ளரை. மறுபடி வாசலை.

எஸ்தர் அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கோதண்டம் தம்ளரை எடுத்தார். சட்டையெல்லாம் சிந்தியது, ஆனால் நிறுத்தவில்லை. குடித்து முடித்துக் காலித் தம்ளரை நீட்டினார். மேட்ரன் ஊற்றினார். மறுபடி நீட்டினார்.

பிறகு எஸ்தர் அம்மா மற்றக் கட்டில்களுக்குப் போனார். ஒவ்வொருவரும் சொல்லிவைத்தது மாதிரி "வேணாம்மா, தாகம் இல்ல" என்றார்கள். பேச முடிகிறவர்களுக்கும் அங்கே ஒரே பேச்சுதான் இருந்தது. கடைசிக் கட்டிலில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவன் வர்றதுக்குள்ள தம்ளரை எட்த்துகினு போயிடுவீங்கள்ல?"

எஸ்தர் அம்மாவின் கை பிசகி மேசையில் தண்ணீர் கொட்டியது. நான் பார்த்தவரையில் அவர் கை பிசகியது அந்த ஒரு தடவைதான்.

சேகர் திரும்பி வந்ததும் அலுவலகத்துக்கு அழைத்தார். கதவுக்கு வெளியே நான் நின்றேன், என் குணம் உங்களுக்குத் தெரியுமே.

"நான் யாரையாவது கை நீட்டி அட்ச்சேனாம்மா? ஒரு வார்த்தை திட்டினேனா?"

"இல்ல."

"அத்தினி பேருக்கும் நான் ஒர்த்தன். ஈரமா இருந்தா மாத்துன்னீங்க. காஞ்சிருந்தா நல்லதுன்னீங்க. நீங்க கேட்டதைத்தாம்மா நான் குட்த்தேன்."

"ஆமா" என்றார் எஸ்தர் அம்மா. "அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். தண்ணிக்கு நீங்க பதில் சொல்லுங்க."

அன்றிலிருந்து சேகர் அந்த வார்டுக்குள் கால் வைக்கவில்லை. விசாரணை முடிந்து வேலையிலிருந்து நீக்கப்பட்டான். இல்லத்தின் செயலாளர், "வெளியில தெரிஞ்சா பேர் கெட்டுடும், உள்ளுக்குள்ளயே முடிச்சுக்கலாம்" என்றார். எஸ்தர் அம்மா அன்று மாலையே வித்யாவுக்குப் போன் செய்தார். அந்த வார்டிலிருந்த அத்தனை குடும்பங்களுக்கும் செய்தார். மறுநாள் சமூகநல அலுவலகத்துக்குப் புகார் போயிற்று. அதில் முதல் வரியில் தன் பெயரைத்தான் எழுதினார்: காய்ந்த விரிப்பைப் பாராட்டி வந்த மேட்ரன் நான் என்று.

வித்யா ஓடி வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானே மாத்தச் சொன்னேன், நான்தானே" என்று அழுதார். அந்த நேரத்தில் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பது என் தொழில். அன்று தம்ளரை நிரப்பி வித்யா கையில் கொடுத்தேன். அவர் அப்பாவுக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எஸ்தர் அம்மாவின் காலைச் சுற்று மாறியது. முதலில் உதட்டைப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். விரிப்பு அப்புறம்தான். வார்டுக்கு இரண்டு பேர் போடாவிட்டால் வேலையை விட்டுப் போய்விடுவதாகச் செயலாளரிடம் சொல்லி, போடவைத்தார். மாலையில் டீ முடிந்ததும் ஒரு தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுபோகும் வழக்கம் வந்தது. ஒவ்வொருவரும் தன் கையால் எடுத்துக் குடிக்க வேண்டும், முடியாதவர்களுக்கு அவர்கள் போதும் என்று காட்டும்வரை ஊட்ட வேண்டும். விடிந்ததும் இரண்டு வார்டும் நனைந்து கிடக்கும். புறங்கையை வைத்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எஸ்தர் அம்மா "நல்லது" என்பார். பிறகு "மாத்திடுங்க."

ஆக, கடைசியில் எனக்கும் அந்த 'நல்லது' கிடைத்தது. எல்லோருக்கும் கிடைத்ததால் அதில் ருசி இல்லை.

கோதண்டம் தேறினார். என் வார்டுக்கே திரும்பி வந்தார். ஆனால் எஸ்தர் அம்மா வந்தால் முகம் முழுக்கச் சிரிப்பார், எனக்குப் பாதி முகம்தான். "கோதண்டம், கண்டுபிடிச்சது யாரு? மணிதானே?" என்று கேட்டேன். "சரி" என்றார், போனால் போகட்டும் என்கிற ராகத்தில். கண்டக்டர் பெரியவரோ ஒரு நாள், "சேகர் தம்பி நல்லா பேசுவான், எங்க காணோம்?" என்றார். தண்ணீர் கொடுக்காதவனையும் தேடுகிறார்கள், கொடுக்கிறவன் எதிரில் நிற்கிறேன். எரியாதா சொல்லுங்கள்.

கோதண்டம் பிறகு சில ஆண்டுகள் இருந்து போனார். மாலைத் தண்ணீர் வண்டிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் அங்கே "கோதண்டம் தண்ணி" என்றுதான் சொல்கிறார்கள். அலமாரிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான், பெயர் அவருக்கு. இறந்தவர் மீதும் பொறாமைப்பட முடியும் என்பதை இந்தத் தொழில்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கடைசியாக ஒன்று. தொடக்கத்தில் 'அங்கே போயிருந்தபோது' என்று கௌரவமாக எழுதியிருக்கிறேன். 'படுத்திருந்தபோது' என்று எழுதியிருக்க வேண்டும். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, நடை வரும்வரை அங்கேயே, என் பழைய வார்டிலேயே தங்கினேன். முதல் நாள் மாலை தள்ளுவண்டி வந்தது. ஒரு பெண் தம்ளரை நீட்டி, "தாத்தா, கோதண்டம் தண்ணி" என்றாள். தாத்தா என்றதை மன்னித்தேன். எழுந்து நடக்க முடியாத நிலையில், இரவில் யாரையாவது கூப்பிட வேண்டி வருமே என்ற கூச்சத்தில், வேண்டாம், தாகம் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த வாக்கியத்தை எங்கே கேட்டிருக்கிறேன் என்பது சொல்வதற்குள் நினைவுக்கு வந்துவிட்டது. வாங்கிக் குடித்தேன். இன்னொன்றும் கேட்டேன்.

விடிந்தபோது என் விரிப்பு நனைந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரருடையது காய்ந்திருந்தது. எனக்குப் பொறாமை வரவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை. அந்தப் பெண் திரையை இழுத்துவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முகம் சுளிக்காமல் மாற்றத் தொடங்கினாள். எஸ்தர் அம்மா போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. அவருக்குப் பதிலாக நானே புறங்கையை அந்த ஈரத்தில் வைத்துப் பார்த்தேன்.

"நல்லது" என்றேன்.

"என்ன தாத்தா?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்லம்மா. மாத்திடுங்க."